ஒளிவிழாவில் பாலன் குடில் வேண்டுமா, வேண்டாமா?

வண்ணைவாசி:
யாழ்ப்பாணத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒளிவிழாவுக்கு, அதாவது நத்தார் (கிறிஸ்மஸ்) விழாவுக்குக் கூட்டம் போட்டார்கள். பைபிள் வாசிப்பு, இயேசு பிறப்பைக் காட்டும் பாலன் குடில், குருவானவரின் ஆசியுரை மூன்றும் வேண்டாம்; கரோல், நத்தார் பாப்பா, கேக், சிறுவர் நடனம் போதும் என்றது ஒரு தரப்பு. நானும் அந்தப் பக்கம்தான். அரச அலுவலகம், மக்களின் காசு. வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சைவர்கள், சில முஸ்லிம்களும் உண்டு. எல்லாரும் கூடிச் சந்தோஷமாக இருக்கத்தானே விழா? உங்கள் கருத்து என்ன?

பாசையூரான்:
நவராத்திரிக்கு அங்கே வாணிவிழா நடந்திருக்குமே அண்ணை? கும்பம் வைத்து, தேவாரம் பாடி, ஐயர் தீபம் காட்டி, அவலும் கடலையும் கொடுத்திருப்பார்கள். ஐயரும் சரஸ்வதி படமும் வேண்டாம், கடலை மட்டும் போதும் என்று யாராவது கூட்டம் போட்டார்களா? எங்கள் இடத்திலும் வருடா வருடம் நடக்கிறது. பூசை முடியும் வரை பேசாமல் நிற்போம், பிறகு அவலை வாங்கிச் சாப்பிடுவோம். ஒரு குறையும் வந்ததில்லை.

வண்ணைவாசி:
வாணிவிழாவையும் குறைக்கலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பௌத்தர்களின் வெசாக் வந்தால் சந்திக்குச் சந்தி இராணுவம் வெளிச்சக்கூடு கட்டும்போது நாங்கள் என்ன சொல்கிறோம்? அரச செலவில் மதத்தைக் கொண்டுவந்து திணிக்காதே என்கிறோம். டிசம்பர் வந்ததும் அதை மறந்துவிடுவதா?

பாசையூரான்:
இரண்டும் ஒன்றா? குடில் வைக்கிற டெய்சியக்கா பக்கத்து மேசையில் வேலை செய்கிறவர். வெசாக் கூடு கட்டுகிறவர்கள் முகாமில் இருந்து வருகிறவர்கள்.

ஸ்காபரோ சித்தி:
இந்தச் சண்டையை வெள்ளைக்காரர்கள் நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டார்கள் பிள்ளைகளே. அமெரிக்காவில் போட்டக்கெட் என்ற ஊரின் நகரசபை நத்தார் அலங்காரத்தோடு குடிலும் வைத்தது. 1984-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சரி என்றது. காரணம், சுற்றிவர நத்தார் பாப்பாவும் மான்களும் மரமும் இருந்தன. 1989-இல் பிற்ஸ்பேர்க்கில் நீதிமன்றப் படிக்கட்டில் தனியாக இருந்த குடிலைக் கூடாது என்றது. பாலனுக்கு நத்தார் பாப்பா பிணை நின்றால்தான் உள்ளே விடுவார்களாம்! எங்கள் ஊருக்கும் இந்தக் கூத்துத் தேவையா?

மிஷன் வீட்டுப் பேரன்:
நத்தார் பாப்பா என்றதும்தான் எனக்குச் சிரிப்பு. மார்கழி மழைச் சேற்றில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு பொடியன் நிற்பான். சிவப்புச் சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும், பஞ்சுத் தாடி நனைந்து காதில் தொங்கும், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ரொபி எறிவான். பல பண்பாட்டு விழா என்கிறீர்களே, அதில் கடைசியில் மிஞ்சுவது வடதுருவத்துப் பண்பாடுதானே? குருநகரிலும் பாசையூரிலும் கத்தோலிக்கக் கோயில் முற்றத்தில் ஆடுகிற கூத்து இருக்கிறது. அதில் எது மதம், எது பண்பாடு என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

இன்னொன்று. 1816-இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனை அனுப்பிய சங்கம் பொஸ்டனில் இருந்தது. அந்த மசாசுசெட்ஸில் 1659-இல் நத்தார் கொண்டாடினால் ஐந்து சிலிங் தண்டம் என்று சட்டம் போட்டார்கள். போட்டவர்கள் நாத்திகர்கள் இல்லை, பழுத்த பக்தர்கள். 1681-இல் எடுத்தார்கள், விடுமுறை நாளாக்கியது 1856-இல்தான். ஆகவே பக்தி என்றாலே குடில், குடில் இல்லாவிட்டால் பக்தி இல்லை என்று பாசையூர்த் தம்பியும் நினைக்க வேண்டாம். எனக்கு வாசிப்பு இருந்தால் போதும்.

வண்ணைவாசி:
வாசிப்போடு நின்றால் நான் ஏன் பேசுகிறேன்? ஒரு பாடசாலை ஒளிவிழாவில், பெயர் வேண்டாம், ஆசியுரைக்கு வந்தவர் பிள்ளைகளைக் கண்ணை மூடி இயேசுவை ஏற்றுக்கொள்ளச் சொன்னார். என் மகள் வீட்டுக்கு வந்து, “நான் என்ன செய்திருக்க வேண்டும் அப்பா?” என்று கேட்டாள். 1848-இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கியது சும்மா இல்லை.

பாசையூரான்:
அவர் செய்தது பிழை, எங்கள் பங்குத்தந்தையும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அதே நாவலர்தான் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். அதை வரி வரியாகப் படித்தும் அவருடைய சைவம் அசையவில்லை. உங்கள் அலுவலகத்துப் பெரிய மனிதர்கள் ஐந்து நிமிட வாசிப்பில் மாறிவிடுவார்களா?

கோண்டாவில் அக்கா:
நான் சைவம், மார்கழியோடு வரும் பிள்ளையார் பெருங்கதை விரதம் பிடிக்கிறவள். எனக்கு வாசிப்பு ஒரு தொந்தரவே இல்லை. தொந்தரவு இந்தப் “பொது” விழாதான். கிறிஸ்தவ விழா என்றால் விரும்பினால் போய் இருப்பேன், இல்லாவிட்டால் வேலை கிடக்கிறது என்று விலகிக்கொள்வேன், ஒருவரும் குறை நினைக்க மாட்டார்கள். போன வருடம் இது எல்லாருக்குமான விழா என்று வரவுக் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு முட்டை போட்ட கேக்கை நீட்டி, “மதம் இல்லாத கேக் அக்கா, சாப்பிடுங்கோ” என்கிறார்கள். விரதத்தில் இருக்கிறவள் என்ன செய்ய?

ஐந்துசந்தியான்:
அக்கா சொன்னது முஸ்லிம்களான எங்களுக்கும் பொருந்தும். பல மத விழா என்றால் உடனே எங்களில் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு, தொப்பியோடு நிற்க வைத்து, விளக்கேற்றச் சொல்லிப் படம் எடுப்பார்கள். கதிரையில் இருந்து பார்த்துவிட்டுப் போவது எவ்வளவோ நிம்மதி.

வண்ணைவாசி:
கையெழுத்து விஷயத்தை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கட்டாயம் எழுப்புவேன். வருகிறவர் வரட்டும். குடிலும் வாசிப்பும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆசியுரைக்கு மட்டும் என் வாக்கு இல்லை.

பாசையூரான்:
சரி அண்ணை, அதே கையோடு வாணிவிழாவில் ஐயரின் ஆசியுரைக்கும் வாக்கெடுப்பு வையுங்கள். எங்கள் இடத்தில் வைத்தால் ஐயர் பேசட்டும் என்றுதான் நான் கை உயர்த்துவேன். நீங்கள்?