மறு: 'மரபுசாரா உணவுத்தாவரம்' என்ற சொல் உமரிக்குப் பொருந்துமா?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம். உமரி போன்ற கீரைகளைக் குறிக்கும் ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில், நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'அன்கன்வென்ஷனல் எடிபிள் பிளான்ட்ஸ்' என்பதற்கு 'மரபுசாரா உணவுத்தாவரங்கள்' என்றே வைத்துவிடலாம். 'மரபுசாரா எரிசக்தி' ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல்தானே.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. எரிசக்திக்கு அந்தச் சொல் சரி. நிலக்கரியை எரித்துப் பழகியவர்களுக்குச் சூரிய மின்சாரம் புதிது. கீரைக்கு வந்தால் கதை தலைகீழ். எங்கள் கீழக்கரைப் பக்கம் வயதானவர்கள் முட்டைக்கோஸையும் பீன்ஸையும் இன்னும் 'இங்கிலீஷ் காய்' என்றுதான் சொல்கிறார்கள். உமரியோ அவர்களுடைய பாட்டிமார் ஆய்ந்த கீரை. எது மரபு, எது மரபுசாராதது?

உப்பளத்து ஓரம் ஈரம் காயாத மண்ணில் உமரி படர்ந்து கிடக்கும். என் அப்பத்தா நுனியை மட்டும் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு வருவார். உருண்டு நீண்ட சின்ன இலை. நகத்தால் அழுத்தினால் பட்டென்று நீர்விட்டு உடையும். உப்பை இலைக்குள்ளேயே தேக்கி வைத்துக்கொள்கிற செடி அது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு, வெந்ததும் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டி, இரண்டு கையாலும் பிழிந்து, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, சென்னாக்கூனி என்கிற பொடி இறால் சேர்த்து வதக்குவார். உப்பு மட்டும் போடவே மாட்டார்.

வடித்துக் கொட்டும் தண்ணீரில் உப்போடு ஆக்சலேட்டும் கணிசமாகப் போய்விடுகிறது. ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. அதனால்தான் 'ஆன்டி நியூட்ரியன்ட்' என்பதற்கு 'எதிர்ச்சத்து' என்பதைவிடச் 'சத்துத்தடை' பொருத்தம் என்று நினைக்கிறேன். அது சத்துக்கு எதிரி இல்லை, வழியில் நிற்கிற தடை. வடித்தால் பெருமளவு விலகிவிடும்.

கோடையில் இதே உமரி செக்கச்செவேல் என்று மாறும். பீட்ரூட்டும் உமரியும் ஒரே குடும்பம். சிவப்பும் அதே பீட்டலைன் வகை நிறமிதான். இப்படிச் சத்துக் கணக்கில் வராமல் உடம்பில் வேலை செய்யும் பொருள்களுக்கு 'உயிர்ச்செயல் சேர்மம்' என்று வந்திருக்கும் முன்மொழிவில் எனக்கு மறுப்பில்லை.

சரி, மூலச் சொல்லுக்கு வருவோம். பிரேசிலில் இதே பொருளில் ஒரு போர்த்துக்கீசியத் தொடர் புழங்குகிறது. அதைச் சுருக்கிப் 'பாங்க்' (PANC) என்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஓரா-ப்ரோ-நோபிஸ் என்ற முள்கொடி இருக்கிறது. கள்ளிக் குடும்பம், ஆனால் இலை சமைக்கலாம். புரதம் மிகுதி என்பதால் மினாஸ் ஜெராய்ஸ் பகுதியில் 'ஏழையின் இறைச்சி' என்ற பெயரும் அதற்கு உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள். அங்கேயும் அது மரபுதான்! இன்னொரு செய்தி: அவர்கள் பட்டியலில் வாழைப்பூவும் இருக்கிறது. நம் வீட்டில் வாழைப்பூ வடையை யாராவது அபூர்வம் என்பார்களா? ஆக அந்தத் தொடர் குறிப்பது அன்றாடச் சாப்பாட்டில் இன்று பரவலாக இல்லை என்பதைத்தான். அது ஊருக்கு ஊர் மாறும். மரபைப் பற்றிய பேச்சே அதில் இல்லை, வழக்கைப் பற்றியது.

என் முன்மொழிவு: அருவழக்கு உணவுத்தாவரம். அதாவது, அரிதாக வழக்கில் உள்ள உணவுத்தாவரம். இதற்கு ஒரு கேள்வி வரலாம்:

> 'அரு' என்றால் உருவமில்லாதது என்று மாணவர்கள் குழம்ப மாட்டார்களா?

அருஞ்சொல்லிலும் அருங்காட்சியகத்திலும் குழம்பாதவர்கள் இதிலும் குழம்ப மாட்டார்கள். அகராதிகளில் 'அருகிய வழக்கு' என்ற குறிப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும்.

'காட்டுக்கீரை', 'களைக்கீரை' என்ற இரண்டு சொற்களும் முன்மொழிவாக வந்தன. உமரி காட்டில் வளர்வதில்லை. களை என்பதும் உழுகிறவர் பார்வை மட்டுமே. முண்டு மிளகாய்க் கொல்லையில் களையெடுக்கும் பெண்கள் தொய்யக்கீரையை வரப்பில் எறிவதில்லை, தனியாகச் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அதே கொல்லையில் முளைக்கும் பருப்புக்கீரையில் 100 கிராமுக்கு 300 முதல் 400 மில்லிகிராம் வரை ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் உண்டு. இது ஒமேகா-3 வகைக் கொழுப்பு. கீரைகளில் இவ்வளவு இருப்பது பெரிய விஷயம். இதைக் களை என்று பாடநூலில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பாசியைத் தாவரத்தில் சேர்க்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. மண்டபம், பாம்பன் பக்கம் கடலில் எடுக்கும் கஞ்சிப்பாசி இன்று அகர் என்ற கூழ்ப்பொருள் செய்யும் ஆலைக்குப் போகிறது. ஆனால் கஞ்சி காய்ச்சியதால் வந்த பெயர் அது. சாப்பாடு நின்றாலும் பெயர் சாட்சி சொல்கிறது. 'அருவழக்குப் பாசி' என்று தனிப் பதிவு போட்டுவிடலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பதிவில் ஊர்ப் பெயர்களையும் சேர்க்க வேண்டும். உமரியை உமிரி என்பவர்களும் உண்டு. மணலில் படரும் வங்காரவச்சிக் கீரையைத் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் என்ன சொல்கிறார்கள்? அங்குள்ள நண்பர்கள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எப்படிச் சமைப்பார்கள் என்பதையும் கேளுங்கள், குறிப்பாகத் தண்ணீரை வடிப்பார்களா என்று.