பொருள்: ‘பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்’ தமிழில்? (அவசரம்)

வணக்கம். சிங்கப்பூர்க் கண்காட்சி விளக்கப் பலகைக்கு ஒரு சொல் வேண்டும். கலைஞர் தம் உடம்பையும் செயலையுமே படைப்பாக்கிப் பார்வையாளர் முன் வைக்கும் கலை இது. நான்கு மொழியும் ஒரே பலகையில், தமிழுக்கு இரண்டு வரி. போன தடவை ‘நிகழ்த்துகலை’ என்று போட்டார்கள். அது பரதத்துக்கும் கூத்துக்கும் உரிய சொல். நம் ஊர்க் கலைஞர் அமண்டா ஹெங் 1999இல் குதிகால் செருப்பை வாயில் கவ்வி, கைக்கண்ணாடியைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தாரே, அது நடனமா? பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வேலையைத் தக்கவைக்க அழகு நிலையங்களுக்கு ஓடிய பெண்களைப் பற்றிய கேள்வி அது. ‘உடற்கலை’ சரிவருமா? திங்கள் அச்சுக்குப் போகிறது.
— க.

தம்பி, உடற்கலை என்றால் சமூக மன்றத்து யோகா வகுப்பு. ‘மெய்க்கலை’ என்க. மெய் உடம்பும் ஆகும், உண்மையும் ஆகும். நம் கலைஞர் லீ வென் உடம்பெல்லாம் மஞ்சள் பூசி நின்றதில் தொல்காப்பியர் சொன்ன மெய்ப்பாடுகளான இளிவரலும் (இழிவுணர்வு) பெருமிதமும் ஒருங்கே இல்லையா? காதல் கைகூடாதவன் ஊரறிய அதை வெளிப்படுத்தும் மடலேறுதலே நம்மிடம் உண்டு! பனைமடல் குதிரை, எருக்கங்கண்ணி, ஊரே பார்க்கும் மறுகு (தெரு). குறுந்தொகை 17 காண்க. ‘மடற்கலை’யும் தகும்.
— புலவர்

ஐயா, பெண் மடலேறக் கூடாது என்றவரும் அதே தொல்காப்பியர்தானே. அமண்டா ஹெங்கை எங்கே நிறுத்துவது? தவிர, மடலேறியவன் ஊர் வழக்கத்தை எங்கே எதிர்த்தான்? ஊரைக் காட்டிப் பெண்வீட்டாரை மிரட்டினான். ‘மெய்க்கலை’ என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் “புள்ளி வச்ச எழுத்தா டீச்சர்?” என்பார்கள்.
— தமிழாசிரியை, ஈசூன்

எந்தச் சொல்லானாலும் ‘கலை’யை விட்டுவிடாதீர்கள். தஞ்சோங் ரூவில் தன்பாலின ஈர்ப்பாளரைக் குறிவைத்த போலீஸ் சோதனையில் 12 ஆண்கள் கைதானதையும் பிரம்படியையும் கண்டித்து, 1994 புத்தாண்டை ஒட்டிய இரவில் பார்க்வே பரேட் கடைத்தொகுதியில் கலைஞர் ஜோசப் இங் பார்வையாளருக்கு முதுகு காட்டித் தன் அந்தரங்க முடியைக் கத்தரித்தார். பொது இடத்தில் ஆபாசச் செயல் என்று வழக்கு, 1,000 வெள்ளி அபராதம். அதோடு இந்த வகைக்கே அரசு நிதி நின்றது, 2003இல்தான் திரும்பியது. ‘உடல் நிகழ்வு’ என்று மொட்டையாக எழுதினால் அந்தக் குற்றப்பத்திரிகையோடு ஒத்துப்போகிறோம்.
— ரா., பிடோக்

‘கலை’ வடசொல்லாயிற்றே?
— செ.

அன்று! ‘கல்’ வேர். கல்வி, கலை, கல்லுதல்...
— புலவர்

அதற்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா.
— ரா.

பெரும்பான்மை ‘உடல் நிகழ்வுக்கலை’. அனுப்பிவிட்டேன். ‘உடல் நிகழ்வுக்கலைஞர்’ வரியை மீறுகிறது, எழுத்தளவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். நன்றி.
— க.

‘மெய்க்கலைஞர்’ வரிக்குள் அடங்கியிருக்கும். என் மறுப்பைப் பதிவுசெய்க.
— புலவர்