ஒரு டிரா ஃபோர் குறைகிறது

எல்லோரும் தொண்டூழியம் போன கதையை எழுதுகிறீர்கள், சரி, என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் இப்படி வெளியே அனுப்புவார்கள். போன தடவை சிங்கப்பூரின் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை. எனக்கு அந்த இடத்தின் மேல் ஒரு பாசம் உண்டு. 1966இல் அங்கே 39,835 பிள்ளைகள் பிறந்தார்கள், கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது, அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் ஒருவர். பாட்டி கடைசி வரை கேகே என்று சுருக்கவே இல்லை, கண்டாங் கெர்பாவ் என்று முழுசாகத்தான் சொல்வார். மலாயில் எருமைக் கொட்டில் என்று அர்த்தம், அந்தக் காலத்தில் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் நம் ஆட்கள் மாடு வைத்திருந்த இடமாயிற்றே. அம்மா பிறந்த பழைய கட்டடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. 1997இல்தான் ஆஸ்பத்திரி எதிர்ப்பக்கம் புதுக் கட்டடத்துக்கு வந்தது.

காலையில் அரை மணி நேரம் பாடம் எடுத்தார்கள். கையை எப்போதெல்லாம் கழுவ வேண்டும், படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது, என்ன நோய் என்று கேட்கக் கூடாது, 'சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுவே' என்று நீங்களாகச் சொல்லக் கூடாது. நாங்கள் ஆசையாக வாங்கிப் போன பலூன்கள் கீழேயே நின்றுவிட்டன, அந்த ரப்பர் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாதாம். ஒரு வார்த்தை முன்கூட்டியே கேட்டிருக்கலாம், தப்பு எங்கள் மேல்தான்.

மற்றவர்கள் விளையாட்டு அறையில் பொம்மலாட்டம் போட்டார்கள். எனக்குக் குரல் மாற்றிப் பேச வராது, அதனால் ஊனோ என்ற சீட்டு விளையாட்டின் அட்டைக்கட்டு ஒன்றைக் கையில் கொடுத்துப் படுக்கையை விட்டு இறங்க முடியாத ஒரு பையனிடம் அனுப்பினார்கள். எட்டு வயது இருக்கும், தமிழ்ப் பையன். இடது கையில் ஊசி குத்திப் பலகை வைத்துக் கட்டியிருந்தது. போனவுடனே நான் செய்த காரியம் என்ன தெரியுமா? நம் ஊர்ப் பழக்கம், வாய் தானாக 'என்னடா தம்பி ஆச்சு?' என்று கேட்டுவிட்டது. அரை மணி நேரப் பாடம் அரை நிமிஷத்தில் காலி. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்கிள், கார்டு போடுங்க" என்றான்.

அவன் அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தார். தலைமுடி கலைந்து, ஒரு கால் செருப்பில்லாமல். இரண்டு ஆட்டம் முடிந்த பிறகு மெதுவாக, "தம்பி, ஒரு அரை மணி நேரம் இருப்பீங்களா? ஒழுங்காக் குளிச்சு ரெண்டு நாளாச்சு" என்றார். மிஸ்ஸியிடமும், அதாவது தாதியிடமும், சொல்லிவிட்டுப் போனார்.

அரை மணி ஒரு மணி ஆயிற்று. பையன் ஐந்து ஆட்டத்தில் நாலில் என்னைத் தோற்கடித்தான், விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். ஒற்றைக் கையால் அட்டையைப் பிடிக்க முடியாமல் போர்வை மடிப்பில் வரிசையாகச் செருகி வைத்திருந்தான், எந்த மடிப்பில் எது என்று மனப்பாடம். நடுவில் மருந்து மாற்ற வந்தார்கள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அங்கிள், என் கார்டைப் பாக்காதீங்க" என்று மட்டும் சொன்னான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் அம்மா ஈரத்தலையும் கையில் கட்டி வாங்கிய கோப்பியுமாக வந்தார். குளித்துவிட்டுத் தேக்கா வரை நடந்து போய் ஒரு தோசை சாப்பிட்டாராம், நேரம் போனதே தெரியவில்லையாம். அதைச் சொல்வதற்கே அவருக்கு அவ்வளவு கூச்சம், ஏதோ திருடிவிட்டு வந்தவர் மாதிரி. 'நல்லதுக்கா' என்றேன், வேறென்ன சொல்வது. பொம்மலாட்டத்துக்குத்தான் கைதட்டல் விழுந்தது, படமும் மேடைக்கு முன்னால் அலுவலக ஆட்கள் மட்டும் நின்று எடுத்துக்கொண்டதுதான். ஆனால் அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது அந்தத் தோசைக்குக் காவல் இருந்ததுதான் என்று தோன்றுகிறது.

கிளம்பும் முன் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கிருமிநாசினித் துணியால் துடைத்து வைக்க வேண்டும், அடுத்த பிள்ளைக்குப் போகுமே. அந்த அட்டைக்கட்டில் மொத்தம் 108 அட்டை. கோயில் அர்ச்சனை மாதிரி எண்ணிக்கொண்டே துடைத்தேன், 107தான் வந்தது. இன்னொரு தடவை எண்ணினேன், அதே 107. எதிராளியை நாலு அட்டை எடுக்க வைக்கும் டிரா ஃபோர் ஒன்றைக் காணோம். பையன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்தான். நான் போர்வையைக் கிளறவில்லை.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். லேசாகச் சளி இருமல் இருந்தாலும் அன்றைக்குப் போகாதீர்கள், அங்கே சில பிள்ளைகளுக்கு அதுவே பெரிய ஆபத்து. அப்புறம், ஊனோ வாங்கினால் பிளாஸ்டிக் அட்டையாகப் பார்த்து வாங்குங்கள், காகித அட்டை துடைக்கத் துடைக்க ஊறி ஒட்டிக்கொள்கிறது. அங்கே இருக்கும் அட்டைக்கட்டில் எப்படியும் ஒரு டிரா ஃபோர் குறையும்.