புதுப்பிப்பு: தக்கலையில் பப்பாளி இலையில் கண்ட குட்டிக் குளவி எதுவென்று தெரிந்துவிட்டது

வீட்டுப் பப்பாளியில், மாவுப்பூச்சிக் கூட்டத்தின் மேல் நடமாடிய, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மஞ்சள் பூச்சி எதுவென்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, "பறப்பதைத் துரத்தாதீர்கள், மாவுப்பூச்சிக்குள் வளர்வதை வெளிவர விடுங்கள்" என்ற யோசனைதான். உப்பிப் பழுப்பேறிய மாவுப்பூச்சிகள் இருந்த இலைத்துண்டைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, வாயில் மெல்லிய துணி கட்டினேன். ஆறாம் நாள் காலை பதினொரு குளவிகள்! மாவுப்பூச்சிகளின் வெறும் கூடுகளில் வட்ட வட்டமாகத் துளைகள். மூன்று நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்ததும் அடங்கின, 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாகப் பொருத்திப் படமெடுத்தேன். நடுக்காலின் தடித்த முள் தெளிவாக விழுந்தது: பிற பூச்சிகளுக்குள் வளரும் குட்டிக் குளவிகளின் என்சிர்டிடே குடும்பம். நிறத்தையும் ஓம்புயிரியையும் (அது உள்ளே வளரும் பப்பாளி மாவுப்பூச்சி) சேர்த்துப் பார்த்தால் அசிரோபேகஸ் பப்பாயே என்ற இனம்.

எதிர்பாராதது, இது நம்மூர்ப் பூச்சியே அல்ல என்பது. பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து இந்தியாவுக்குத் தருவிக்கப்பட்டது. மருந்து தெளிக்கவிருந்தேன், நிறுத்திவிட்டேன்.