லைட் அக்லிமேஷன்: தமிழில் என்ன போடலாம்?

கோவையிலிருந்து:
வீட்டில் கடல் பவளம் வளர்க்கும் பவளத்தொட்டிக்கான கையேட்டுக்குச் சொல் தேவை. புதுப் பவளத்தை நம் விளக்குக்குப் படிப்படியாகத் தயார் செய்வதை எல்லாரும் லைட் அக்லிமேஷன் என்கிறோம். 'ஒளித் தகவமைப்பு' சரியா?

ஈரோட்டிலிருந்து:
தகவமைப்பு வேண்டாமுங்க. பாடநூலில் அது தலைமுறை தலைமுறையாக வருவது: ஒட்டகத்தின் திமில், கள்ளியின் முள். இங்கே ஒரே உயிருக்குள், சில வாரங்களில் நடக்கிறது. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் பாசி, வெளிச்சம் கூடினால் தன் பச்சையத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு அவகாசம் தராமல் வெளிச்சத்தைக் கொட்டினால் பாசிக்குள் ஆக்சிஜன் நஞ்சாகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடுகிறது. திசு வளர்ப்பு வாழைக்கன்றை நிழல்வலைக்குள் வைத்துத் தேற்றும் அதே வேலைதான். அங்கே 'கடினப்படுத்துதல்' என்பார்கள். இங்கே எதுவும் கெட்டிப்படுவதில்லை. நாற்றை 'வெயிலுக்குப் பழக்கு' என்கிறோமே, அதிலிருந்து 'ஒளிப்பழக்கம்'?

பொள்ளாச்சியிலிருந்து:
பழக்கம் என்றால் காலையில் காப்பி குடிக்கிற பழக்கம் மாதிரி இருக்குதுங்க அண்ணா. தன்வினை, பிறவினையைப் பிரித்துவிடலாம். பழகுவது பவளம், பழக்குவது நாம். அதற்குள் நடப்பது ஒளிப்பழகல், நாம் செய்வது ஒளிப்பழக்கல். பவளம் வாங்கிவந்த பைத் தண்ணீரிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீருக்கு மாற்றுவது நீர்ப்பழக்கல். இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு மணி நேரத்தில் நீர்ப்பழக்கலை முடித்துவிட்டு, எல்லாம் ஆயிற்று என்று பவளத்தை நேரே விளக்கடியில், பாறை உச்சியில் வைத்துவிடுகிறார்கள்.

கோவையிலிருந்து:
இரண்டும் அருமை. பதிவு இப்படி:

ஒளிப்பழக்கல்: எல்.இ.டி.யை வழக்கமான அளவில் பாதிக்கு இறக்கி, வாரம் 5 சதவீதம் ஏற்றுவது. பழைய பவளங்கள் இருக்கும் தொட்டியில் விளக்கை இறக்காமல், புதியதை மணல்மேல் வைத்து வாரம் ஒரு படி மேலே நகர்த்துவது. காளான் பவளத்துக்குச் சதுர மீட்டருக்கு நொடிக்கு 50 முதல் 100 மைக்ரோமோல் ஒளி போதும். கிளைவிடும் கல்பவளம் 200க்கு மேல் கேட்கும். பார் மீட்டரால் (பாசி பயன்படுத்தும் ஒளியை அளக்கும் கருவி) அளக்கவும். நீல வெளிச்சத்தைக் கண் குறைத்தே மதிப்பிடும்.

ஈரோட்டிலிருந்து:
வலை முறையை விட்டுவிட்டீர்களே! விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஜன்னல் கொசுவலை நாலு அடுக்கு, நாலு நாளைக்கு ஒன்றாக எடுப்பது. நர்சரியில் வாங்கும் 50 சதவீத நிழல்வலை உதவாது. அதை எடுக்கிற அன்றைக்கே வெளிச்சம் இரட்டிப்பாகிவிடும். கம்பிவலை கூடவே கூடாது, உப்புத் தெறித்துத் துரு தொட்டியில் விழும். கம்பியிலிருந்து கரையும் செம்பு, துத்தநாகம் பவளத்துக்கு விஷம். தொட்டியை முழுக்க மூடினாலும் சூடு ஏறும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டால் விளக்கை ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். சூடும் வெளிச்சமும் சேர்ந்தால் வெளுக்கும் ஆபத்து கூடும்.

பொள்ளாச்சியிலிருந்து:
ஒளிப்பழகலுக்கும் ஒரு வரி சேருங்க. வெளிச்சம் குறைந்தால் பாசி பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும், பவளம் பழுப்பாகும். அதுவும் ஒளிப்பழகல்தான், நோயில்லை. நோயென்று மருந்து ஊற்றாமல் இருக்கவாவது அந்த வரி வேண்டும். இன்னொன்று: கல்பவளங்கள் 1972 வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. மன்னார் வளைகுடாவில் பெயர்த்தெடுத்த துண்டை வாங்கக் கூடாது என்று முகப்பிலேயே போட்டுவிடுங்கள்.

கோவையிலிருந்து:
சேர்த்துவிட்டேன். அடுத்த சொல் 'ஃப்ராக்', புதிதாக வளர்க்க வெட்டியெடுக்கும் பவளத் துண்டு. பதியன் என்று போட்டால் விவசாயிகள் சண்டைக்கு வருவார்களா?