தட்டம்மை ஊசி தள்ளிப்போனது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

களப்பணியாளர்:
நாலு வருஷம் ஆகிறது, அந்தக் குழந்தையின் வாய் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஊசிக்குத் தேதி வந்து வீட்டுக்குப் போனால், "லேசா மூக்கு ஒழுகுது சிஸ்டர், அடுத்த வாரம் போட்டுக்கறோம்" என்றார் அம்மா. நானும் சரி என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த வாரம் போனால் வீடு பூட்டியிருந்தது. ஒன்றரை மாதம் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள். வெளிச்சம் கூசி, குழந்தை அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. டார்ச் அடித்து வாயைப் பார்த்தேன், கன்னத்தின் உள்பக்கம் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். உடம்பில் ஒரு தடிப்புகூட இன்னும் வரவில்லை, ஆனால் தட்டம்மைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லேசான சளிக்கு ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்று அன்றைக்கு வாசலில் நின்று நான் சொல்லவே இல்லை.

ரெண்டு பிள்ளைகளின் அப்பா:
தவறாக நினைக்க வேண்டாம் சிஸ்டர், எப்போதும் பெற்றோர்தான் தள்ளிப்போடுகிறார்கள் என்று ஆகிவிடக் கூடாது. நான் லீவு போட்டு மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். அன்றைக்கு வந்தது அவள் ஒருத்திதான். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து, கலந்தால் 6 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது, இன்னும் நாலு பிள்ளைகள் சேரட்டும் என்று குளிர்பெட்டியை மூடிவிட்டார்கள். மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை நானே இறக்கிவிட்டேன். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மருந்து வீணாகும் என்கிறார்கள், திரும்பிப் போன பிள்ளை மறுபடி வராமலே போனால் அது கணக்கில் வராதா?

தாய்மாமன்:
தங்கை மகனுக்கு ரெண்டாம் தவணை தவறிவிட்டது, மறுபடி முதலிலிருந்து போடச் சொல்வார்களோ என்று பயந்து ஒரு வருஷம் போகாமலே இருந்தார்கள். எல்லோருக்கும் சொல்கிறேன், எவ்வளவு தாமதமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குப்பி மேல் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும், சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் நல்லது, அதே நிறத்துக்குக் கறுத்திருந்தால் மருந்து சூடுபட்டுவிட்டது, வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம், தட்டம்மை என்று சந்தேகம் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக் கூடத்தில் போய் உட்காராதீர்கள், முதலில் போன் செய்யுங்கள். இருமியவர் எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி அந்தக் காற்றிலேயே நிற்கும்.

ஓர் அம்மா:
கடைசியில் சொன்னீர்களே அண்ணா, அதுதான் எங்களுக்கு நடந்தது. என் பிள்ளைக்கு அப்போது 7 மாதம், ஊசி போடும் வயசே வரவில்லை. எதிர் பெஞ்சில் கண் சிவந்த பையன் ஒருவன், கையில் பந்து. என் பிள்ளை சிரித்ததும் அவனும் இருமிக்கொண்டே சிரித்தான். பத்தாம் நாள் காய்ச்சல், அப்புறம் தடிப்பு, அப்புறம் நிமோனியா. பிழைத்துக்கொண்டான். அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று யாரிடம் கேட்பது?