காலைச் சிறுநீரில் 5.5: அது சர்க்கரையின் முன்னறிவிப்பா?

வேம்பு:
"விடியற்காலைச் சிறுநீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5 என்றால் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலை, வந்துவிட்டது" என்று நேற்று நான் எழுதியதைப் படித்துச் சிரித்தவர்களுக்கு ஒரு செய்தி. 2004இல் அமெரிக்காவின் டாலஸ் ஆய்வாளர்கள், இன்சுலின் எதிர்ப்பு மிகுந்தவர்களின் சிறுநீர் கூடுதல் அமிலமாக இருப்பதைக் காட்டிவிட்டார்கள். எனக்கு மூன்று நாளாக 5.5.

ஆய்வகத்தான்:
ஐயா, அவர்கள் இரத்தக் குழாய் வழியே இன்சுலினையும் குளுக்கோஸையும் ஏற்றி எதிர்ப்பை அளந்தவர்கள். நீங்கள் நிறம் மாறும் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்தவர். சிறுநீரகம் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியா செய்து அமிலத்தைப் பிடித்துக்கொள்கிறது. இன்சுலினின் பேச்சு அங்கே எடுபடாமல் போனால் அம்மோனியா குறைந்து, பிஎச் இறங்குகிறது. அதற்காக, இறங்கிய பிஎச் எல்லாம் அதனால்தான் என்றால், எதிர்வீட்டு அம்மா வாசல் தெளித்ததையும் மழைக்கணக்கில் எழுத வேண்டியதுதான். நலமாக இருப்பவருக்கே அது 4.5 முதல் 8 வரை மாறும்; இரவு பட்டினிக்குப் பின் 5.5 வருவதில் வியப்பென்ன?

வேம்பு:
வியப்பில்லை என்றால் சிறுநீரகத்தில் யூரிக் அமிலக் கல் ஏன் பிஎச் 5.5க்குக் கீழே உருவாகிறது?

கல்லுடைத்தவன்:
அந்தக் கல்லைச் சுமந்தவன் நான். சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்து கொடுத்து, பிஎச்சை 6க்கும் 6.5க்கும் இடையில் நிறுத்தச் சொன்னார்கள். குளியலறை விளக்கில் பட்டையைப் பிடித்தால், என் கண்ணுக்கு மஞ்சள், மனைவியின் கண்ணுக்கு இளம்பச்சை. அதாவது எனக்கு 5.5, அவருக்கு 6. இந்த நிறச்சண்டையை வைத்தா நோயை முடிவு செய்கிறீர்கள்?

வேம்பு:
உங்கள் வீட்டுச் சண்டைக்கு என் 5.5 பொறுப்பல்ல. எலுமிச்சைச் சாறு அமிலம் என்று நான் சொன்னபோதும் இப்படித்தான் கூட்டமாக வந்தீர்கள்.

ஆய்வகத்தான்:
அதை மறப்பதாக இருந்தேன், நீங்களே கிளறிவிட்டீர்கள். நாக்குக்கு அது புளிப்பு. உடலில் அதிலுள்ள சிட்ரேட், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டாக மாறிச் சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும். அன்றும் நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை: இன்சுலின் எதிர்ப்புக்குத் துப்புத் தரும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இடுப்புச் சுற்றளவும் எவ்வளவு?

வேம்பு:
அவை எதற்கு? 5.5 போதும்.

கல்லுடைத்தவன்:
பதினேழு ஆண்டு ஆய்வகத்தில் நின்றவரிடம் இப்படியா பேசுவது?

வேம்பு:
நின்றால் போதுமா? நாளைக் காலையும் நனைத்துப் பார்ப்பேன், 5.5தான் வரும்.

ஆய்வகத்தான்:
வரட்டும். சிறுநீரை அமிலமாக்கும் ஆட்டுக்கறி முந்தின இரவு எத்தனை துண்டு உள்ளே போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.